முகமூடிக்குள்ளிருந்து ஒரு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். 2006ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் இரவு, ஏதென்ஸ் நகரின் ஒலிம்பிக் உள்ளரங்கில் நடந்த, ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில், கொம்பும் கோரைப்பல்லுமாக ஐந்து பேர் மேடையேறினார்கள். ஒருவர் எகிப்தியப் பிணத்தைப் போலத் துணி சுற்றியிருந்தார். இன்னொருவருக்குக் காளையின் தோற்றம். நடுவில் நின்று பாடியவர், கோடரி வடிவில் செய்த ஒலிவாங்கியைக் கையில் பிடித்திருந்தார். பின்லாந்து நாட்டின் லோர்டி என்னும் ஹெவி மெட்டல், அதாவது அதிரடி ராக் இசைக் குழுவினர்தாம் இவர்கள்.

பின்லாந்து 1961 முதல் இப்போட்டியில் கலந்துகொண்டு வந்த நாடு. 1973இல் கிடைத்த ஆறாம் இடத்தை அதுவரை தாண்டியதில்லை; 1963, 1965, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஒரு புள்ளிகூடப் பெறாமல் திரும்பியிருக்கிறது. இழப்பதற்கு எதுவுமில்லாத நாட்டுக்குத்தான் இப்படியொரு துணிச்சல் வரும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனாலும் உள்நாட்டிலேயே பலர் முகம் சுளித்தார்கள். கிரேக்கத்திலோ, சமயப் பற்றுள்ள சிலர் இவர்கள் சாத்தானை வழிபடுகிறவர்கள் என்று சொல்லி, போட்டியிலிருந்து விலக்கக் கோரினார்கள். சாத்தான் தோற்றுப்போனவன் என்று பாடிய பாட்டு, இக்குழுவின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே இருக்கிறது. போட்டிக்கு வந்த பாட்டின் பெயரோ 'ஹார்ட் ராக் ஹலலூயா'. நம் தேவாலயங்களில் அல்லேலூயா என்று ஒலிக்கும் அதே சொல்தான்.

இந்த இடத்தில் போட்டியின் விதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நீளக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. முன்பெல்லாம் இசைக்குழு ஒன்று அரங்கிலேயே அமர்ந்து வாசிக்கும். 1999இல் அந்த வழக்கம் கைவிடப்பட்ட பிறகு, பின்னணி இசை முழுவதும் ஒலிப்பதிவிலிருந்தே வருகிறது. ஆகவே அன்றிரவு லோர்டி குழுவின் கிட்டார்கள் ஊமையாகவே இருந்தன. டிரம்ஸை அடித்ததும் அபிநயம்தான். கிட்டாரின் உறுமலையே உயிராகக் கொண்ட ஒரு குழுவுக்கு இதைவிடப் பெரிய சோதனை என்ன இருக்க முடியும்? மேடையில் உண்மையாக நிகழ்ந்தது குரல் ஒன்றுதான், அதுவும் முகத்தோடு ஒட்டிய ரப்பர் பாலால் ஆன தடித்த முகமூடிக்குள்ளிருந்து. அதைத் தன் கையாலேயே செய்து அணிந்தவர், மிஸ்டர் லோர்டி என்ற பெயரில் பாடும் டோமி புட்டான்சூ. கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊர் என்று விளம்பரம் செய்யப்படும் ரோவானியெமிதான் இவருடைய ஊரும். வேடம் கட்டுகிறவர்களுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை போலும்.

அன்றிரவு லோர்டி குழுவே வென்றது. வேடத்தால்தான் வென்றார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இசைத்தட்டில் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டை, போட்டிக்காக மூன்று நிமிடத்துக்குச் செதுக்கினார்கள். பல்லவி வெகு சீக்கிரமே வந்துவிடுகிறது. ஒருமுறை கேட்டவர் இரண்டாம் முறை கூடவே பாடிவிடலாம். கரகரத்த குரலை ஒதுக்கிவிட்டுக் கேட்டால், அடியில் இருப்பது யூரோவிஷன் மேடை பல்லாண்டுகளாகப் பழகிய கூட்டுப்பாட்டு மெட்டுதான். பாட்டு முடியும் தறுவாயில் பாடகரின் முதுகிலிருந்து இறக்கைகள் விரிந்தபோது, அரங்கம் ஏற்கெனவே அவர் பக்கம் சாய்ந்திருந்தது.

அக்காலத்தில் பெரும்பாலான நாடுகளில் பார்வையாளர்களின் தொலைபேசி வாக்குகளே முடிவைத் தீர்மானித்தன. தங்கள் நாட்டுக்கு வாக்களிக்க முடியாத அந்தப் பார்வையாளர்கள் லோர்டிக்கு 292 புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள்; போட்டியின் வரலாற்றில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது. இரண்டாம் இடம் பெற்ற ரஷ்யாவின் டிமா பிலான் 248 புள்ளிகளோடு பின்தங்கினார். எதிர்ப்புக் கிளம்பிய கிரேக்கமே உச்சமான 12 புள்ளிகளை வழங்கியது. 2009 முதல் வல்லுநர் குழுக்களின் மதிப்பெண்ணும் மீண்டும் சரிபாதியாகச் சேர்ந்தது. 2023இல் மக்கள் வாக்கில் முதலிடம் பெற்ற பின்லாந்தின் கேரியா, வல்லுநர்களின் கணக்கைக் கூட்டியபோது சுவீடனின் லோரீனுக்கு அடுத்த இடத்துக்குத் தள்ளப்பட்டார். அதைப் பார்த்தபோது, 2006இல் அக்குழுக்கள் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 26ஆம் நாள் ஹெல்சின்கியின் சந்தைச் சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் கூடி அந்தப் பாட்டை ஒருசேரப் பாடினார்கள். அப்போதும் முகமூடி கழலவில்லை. செய்தியாளர் சந்திப்புகளிலும் அவர்கள் வேடத்தோடுதான் வந்தார்கள். இதற்கிடையில் பின்லாந்து வார இதழ் ஒன்று பாடகரின் வெறும் முகத்தைப் படமாக வெளியிட்டுவிட்டது. பரபரப்பாக விற்கும் என்று நினைத்திருப்பார்கள். மாறாக, மக்கள் திரண்டு கண்டனத்தில் கையெழுத்திட்டார்கள். இதழ் மன்னிப்புக் கேட்டது.