தொடாதீர்கள் என்ற பலகைக்கு முன்னால் ஒரு பேட்டர்ன்காரன்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க. ஓவியம், சிற்பம் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் எங்கள் வீட்டம்மாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. சிரிக்க வேண்டியதுதான். எனக்குக் கோழி வரைந்தால் காக்காய் மாதிரி வரும். நான் 41 வருடம் பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்து பிழைத்தவன். கணபதி, பீளமேடு பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உங்கள் கிணற்று மேட்டில் ஓடும் பம்பின் இரும்புக் கூடு, முதலில் தேக்குக் கட்டையாக எங்கள் கையில்தான் பிறக்கிறது. அந்தக் கட்டையை மணலில் பதித்து எடுத்துவிட்டு, பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள்.

நம் நகரத்தில் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த வழியாக முதலில் சைக்கிளிலும் பிறகு டிவிஎஸ் 50-யிலும் எத்தனையோ வருடம் போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை. விஸ்காம் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்திதான் போன தை மாதம் இழுத்துக்கொண்டு போனாள். "காசே கெடையாது அப்புச்சி, சும்மா வாங்க" என்றாள்.

காசு இல்லைதான். வாசலில் நின்ற வாட்ச்மேன் என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "யாரைப் பார்க்கோணுங்?" என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. "படத்தைப் பார்க்கோணுங்க" என்று பேத்தி சொன்னாள். உள்ளே போனதும் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நம் ஊர் ஜவுளிக் கடையில் நுழைந்தால் வாங்க வாங்க என்று உட்கார வைத்துக் குடிக்கக் கலர் சோடா கொடுப்பார்கள். இங்கே ஏசி சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை. எழவு வீட்டுக்கு வந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

படங்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று முழுக்க வெள்ளை, ஓரத்தில் ஒரே ஒரு கோடு. அதன் முன்னால் பேத்தி கண்ணை மூடித் திறந்து என்னவோ செய்தாள். எனக்கு இன்றுவரை அது சுண்ணாம்பு அடித்த சுவர்தான். போகட்டும்.

இரண்டாவது அறையில்தான் மாட்டிக்கொண்டேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு பெண் குந்தியிருக்கிற உருவம், வெண்கல வார்ப்பு. அவள் முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் விரல் தடிமனுக்குக் குழாய் குழாயாகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் அதை வேர் என்றார்கள், பிறகு நரம்பு என்றார்கள். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, அது ரன்னரும் ரைசரும். உலோகம் உள்ளே ஓடிவருகிற வழிக்கு ரன்னர் என்று பெயர். ஆறும்போது வார்ப்பு சுருங்கும், அப்போது குறைகிற உலோகத்தைக் கொடுக்க மேலே நிற்பது ரைசர். வார்ப்பு ஆறியதும் முதல் வேலை இவற்றை வெட்டி எறிந்து, பிசிறை ராவிச் சுத்தம் செய்வது, அதற்கு ஃபெட்லிங் என்று பெயர். வெட்டாமல் அனுப்பினால் எங்கள் தொழிலில் அந்தச் சரக்கு அப்படியே திரும்பி வந்துவிடும்.

"வேலையை முடிக்காமக் கொண்டாந்து வெச்சுட்டாங்க அம்மிணி" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேத்தி, "தெரியாமயா அப்புச்சி வெச்சிருப்பாங்க?" என்றாள்.

அந்தக் கேள்விதான் என்னை அங்கே அரை மணி நேரம் நிற்க வைத்தது. சுற்றிச் சுற்றி வந்தேன். அச்சு சேர்ந்த கோடுகூட ஒரு பக்கம் ராவப்படாமல் இருந்தது. முகத்தை மட்டும் வழுவழுவென்று முடித்திருந்தார்கள். அப்படியானால் ராவத் தெரியாத ஆள் இல்லை. அந்தப் பெண் எந்த வழியாக நெருப்பு வந்து உருவானாளோ, அந்த வழியை வெட்டாமல் விட்டிருக்கிறார். நாங்கள் 41 வருடம் வெட்டிக் குப்பையில் போட்டு மறுபடி உலைக்கு அனுப்பியதை ஒருவர் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது, கொஞ்சம் தொண்டையும் அடைத்தது.

தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. பேட்டர்ன்காரனுக்குக் கண் பாதி, கட்டைவிரல் பாதி. ஆனால் 'தொடாதீர்கள்' என்று பலகை. அதுகூட ஆங்கிலத்தில்தான், பேத்தி படித்துச் சொன்னாள். படங்களின் பெயர்களும் அப்படியே. வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் படிக்கிறவர்கள் என்றால், அடியில் ஒரு வரி தமிழிலும் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாமல் வெளியே வரும்போது வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். அந்தச் சிலைக்கு என்ன பேர் என்று கேட்டேன். 'பெயரிடப்படாதது' என்பதுதான் அதன் பேராம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பித்து பிடித்தது. பேத்தி கைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டுவாள், நான் கேள்வி கேட்பேன். கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஓவியரைப் பற்றிச் சொன்னாள். 1911-இல் பிறந்தவர், பிறந்தது நம்ம கோயம்புத்தூரில். சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 1966-இல் கடற்கரை ஓரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கியவர். அதில் எனக்குப் பிடித்த சங்கதி, நிலம் வாங்கிய விதம். மாணவர்களும் கலைஞர்களுமாகச் சேர்ந்து துணியில் மெழுகு பிடித்துச் சாயம் ஏற்றி, பாத்திக் துணி செய்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைப் பார்த்தால் ஜாதகக் கட்டம், எழுத்து மாதிரி எழுத்து, எண் மாதிரி எண். படிக்க முயன்றால் ஒன்றும் வராது. பஞ்சாங்கத்தைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது போல இருக்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை, நம் வீட்டு ஜாதகத்தையும் நாம் அப்படித்தானே பார்க்கிறோம்.

இன்னொன்று லண்டனில். டேட் மாடர்ன் என்ற கலைக்கூடம், 2000-இல் திறந்தது. நிரந்தரமாக வைத்திருக்கும் படைப்புகளைப் பார்க்க அங்கேயும் காசு இல்லை. அது முன்பு மின் நிலையமாக இருந்த கட்டடம். டர்பைன் நின்ற கூடத்தில் 2010-இல் ஆய் வெய்வெய் என்ற சீனக் கலைஞர் சூரியகாந்தி விதைகளைக் கொட்டி வைத்தார். 10 கோடி விதை. நம் பக்கத்துக் காட்டுக்காரர்கள் கேட்டால், இதென்ன பெரிய கலை, எங்கள் களத்தில் வந்து பார் என்பார்கள். ஆனால் அத்தனையும் பீங்கான். ஒவ்வொரு விதையின் கறுப்புக் கோட்டையும் மனிதக் கை தீட்டியது. சிங்தெசென் என்ற பீங்கான் ஊரில் சுமார் 1,600 பேர் செய்த வேலை. முதலில் அதன் மேல் நடக்க விட்டார்கள். சில நாட்களில் நிறுத்திவிட்டார்கள். காரணம், மிதிபட மிதிபடப் பீங்கான் தூசி கிளம்பியது, மூச்சுக்கு ஆகாது என்றார்கள்.

இதைக் கேட்டதும் பேத்திக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணல் தூசி என்ன செய்யும் என்று பவுண்டரி மோல்டிங்காரர்களைக் கேளுங்கள். என்னோடு வேலை செய்த இரண்டு பேர் கடைசிக் காலத்தில் மாடிப்படி ஏற முடியாமல் போனார்கள். பார்க்க வருகிறவர்களை அந்தத் தூசியிலிருந்து சில நாளிலேயே காப்பாற்றிவிட்டார்கள். விதை செய்த 1,600 பேரை நினைத்துக்கொண்டேன். அந்தக் கலைஞரும் அவர்களை நினைக்கச் சொல்லித்தான் செய்தாரோ என்னவோ.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. அதைத் தோற்றுவித்தவர் பஞ்சாலை ஆராய்ச்சி செய்யும் சிட்ராவின் முதல் இயக்குநர். நூல்காரர் கட்டிய கூடம் என்றாவது போய்ப் பாருங்கள், அங்கே ஜவுளி அருங்காட்சியகமும் உண்டு. நாலு சுவருக்குள் போகக் கூச்சமாக இருந்தால் உக்கடத்துக்குப் போங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் ஆள் உயரம் பல மடங்குக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் இருந்தே தெரியும்.

போன வாரம் மச்சு மேல் ஏறி, பழைய பேட்டர்ன் ஒன்றை இறக்கினேன். ஒரு பம்புக் கூட்டின் பாதி. எங்கள் பட்டறை வழக்கப்படி, கடைசல் பிடிக்க வேண்டிய இடத்துக்குச் சிவப்பு, உள்ளே பொள்ளல் விழ வைக்கிற மணல் அச்சான கோர் உட்கார வேண்டிய இடத்துக்கு மஞ்சள், மற்றதெல்லாம் கறுப்பு. துடைத்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏனுங்க, இதென்னுங்க இது?"

"பெயரிடப்படாதது" என்றேன். "தொடாதே."

வணக்கமுங்க.