யாரும் விரட்டாமல் வந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

இஸ்ரேல் நாட்டில் 1950 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் யூதரும் அங்கே வந்து குடியேறலாம் என்கிறது அது. 1970இல் அதை இன்னும் தளர்த்தி, தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும் என்று ஆக்கினார்கள். அந்தச் சட்டத்தின்படி வந்து இறங்குகிற இளைஞருக்கு விமான நிலையத்திலேயே காகித வேலை தொடங்கிவிடும். குடியுரிமைக்காக வருஷக் கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பச்சை அட்டைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் பெருமூச்சுதான் விடுவார்கள்.

காகிதம் ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது, சரி. அதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நெகேவ் பாலைவனத்தின் ஓரத்தில் பேர் ஷேவா என்றொரு ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணிக்காகச் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே பழக்கமான இளைஞர்களில் ஒருவர் நம் மும்பைக்குப் பக்கத்திலுள்ள தானேயிலிருந்து வந்தவர். பெயர் வேண்டாம், நண்பர் என்றே சொல்கிறேன். இருபத்து நான்கு வயதில் பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். பெனே இஸ்ரேல் என்ற யூதச் சமூகத்தைச் சேர்ந்தவர்.

பெனே இஸ்ரேல் மக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர்களுடைய முன்னோர் வந்த கப்பல் கொங்கண் கரையில், அலிபாக் பக்கத்திலுள்ள நவ்காவ் என்ற ஊருக்கு அருகே உடைந்தது, ஏழு ஆணும் ஏழு பெண்ணும் மட்டும் கரையேறினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. கரையேறியவர்கள் செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தார்கள். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் சுற்று வட்டாரத்தில் அவர்களுக்கு ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று பெயர். அவர்களுடைய குடும்பப் பெயர்களில் பல திவேகர், கெஹிம்கர், பென்கர் என்று கொங்கண் கிராமங்களின் பெயரிலிருந்து வந்தவை. மும்பையின் முதல் யூதத் தொழுகைக் கூடத்தை 1796இல் கட்டியவர் சாமுவேல் திவேகர். கம்பெனிப் படையில் இருந்து, திப்பு சுல்தானிடம் கைதியாகி, உயிரோடு திரும்பியதற்கு நன்றியாக அவர் அதைக் கட்டினார் என்று சொல்வார்கள்.

ஆக, என் நண்பருடைய குடும்பப் பெயர் ஒரு கொங்கண் கிராமத்தைக் காட்டுகிறது. அவருடைய பிரார்த்தனை எருசலேமைக் காட்டுகிறது. ஒவ்வொரு பஸ்கா பண்டிகை இரவிலும் ‘அடுத்த ஆண்டு எருசலேமில்’ என்று சொல்லி வளர்ந்தவர். இப்போது பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் எருசலேம். இன்னும் அந்த வாக்கியத்தைச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். சொல்கிறோம், ஆனால் இங்கே ‘திரும்பக் கட்டப்பட்ட எருசலேமில்’ என்று சேர்த்துக்கொள்வார்கள் என்றார்.

வந்த புதிதில் எல்லோரையும் போல அவரும் ஊல்பானில் சேர்ந்தார். ஊல்பான் என்பது குடியேறிகளுக்கு எபிரேயம் கற்பிக்கும் வகுப்பு. முதல் ஊல்பான் 1949இல் எருசலேமில் தொடங்கியது. வாரத்தில் ஐந்து நாள், காலை முழுக்க, சுமார் ஐந்து மாதம். அரசு முதல் சில மாதங்களுக்குக் கைச்செலவுக்குப் பணமும் தரும். வகுப்பில் ஒரு பக்கம் ரஷ்யர்கள், ஒரு பக்கம் பிரான்ஸிலிருந்து வந்தவர்கள், அர்ஜென்டினாவிலிருந்து ஒரு தம்பதி. வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான மொழி அரைகுறை எபிரேயம்தான்.

நண்பருக்கு எபிரேய எழுத்து புதிதல்ல. சின்ன வயதிலிருந்தே பிரார்த்தனைப் புத்தகத்தை வாசித்தவர். அந்த நம்பிக்கையில்தான் வந்தார். பிரார்த்தனைப் புத்தகத்தில் எழுத்துக்கு மேலும் கீழும் உயிர்க்குறிகள் இருக்கும், பார்த்ததை அப்படியே உச்சரிக்கலாம். மின்சார பில்லில் அந்தக் குறி எதுவும் கிடையாது, வெறும் மெய்யெழுத்துகள் மட்டும். சொல் ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் வாசிக்க முடியும். வேதாகமச் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லும் ஆள், மீட்டர் கட்டணம் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியாமல் பில்லைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? இருவருமாகக் கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தோம்.

ஆனால் அவர் அதிகமாகத் தடுமாறியது மொழியில் இல்லை. ஒரு கேள்வியில். ஊல்பானிலும், வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையிலும், பக்கத்து வீட்டிலும் அதைக் கேட்டார்கள்: ‘அங்கே உங்களை என்ன செய்தார்கள்?’

கேட்பவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. அந்த நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு துரத்தல் கதை உண்டு. போலந்திலிருந்து வந்த குடும்பம் என்றால் நாஜி முகாம். ஈராக், ஏமன் என்றால் கலவரமும் பறிபோன சொத்தும். எத்தியோப்பியா என்றால் சூடானை நோக்கி நடந்த நடையும் வழியில் புதைத்த பிள்ளைகளும். 1991 மே மாதம் ஒன்றரை நாளுக்குள் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட எத்தியோப்பிய யூதர்களை விமானங்களில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒரே விமானத்தில் ஆயிரம் பேருக்கு மேல். அப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் என் நண்பர் சொல்லும் பதில், ‘ஒன்றும் செய்யவில்லை. நன்றாகத்தான் இருந்தோம். பக்கத்து வீட்டில் பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகம் கொடுப்பார்கள்.’

கேட்டவர் முகத்தில் ஒரு குழப்பம் வரும். பிறகு அடுத்த கேள்வி: ‘அப்படியானால் ஏன் வந்தாய்?’

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. இந்தியாவில் யூதர்களை யூதர்கள் என்பதற்காகவே துன்புறுத்திய வரலாறு, கோவாவிலும் கேரளக் கரையிலும் போர்த்துகீசியர் நடத்தியதை விட்டால், கிடையாது என்றே சொல்லலாம். அப்படியும் போனார்கள். இஸ்ரேலில் இந்திய வம்சாவளி யூதர்கள் சுமார் 85,000 பேர் என்று நம் தூதரகம் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஐயாயிரம் பேர்கூட இல்லை. அடி வாங்கி ஓடி வந்தவருக்கு வந்த இடம் எப்படி இருந்தாலும் புகலிடம். விரும்பி வந்தவர், வந்த இடத்தைத் தன் ஊரோடு தினமும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்வார்.

ஒப்பிட்டுப் பார்த்துத் திரும்பியவர்களும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் பெனே இஸ்ரேல் மக்களில் ஒரு சிறு கூட்டம், எங்களைப் பாகுபாடாக நடத்துகிறார்கள், திருப்பி அனுப்புங்கள் என்று உட்கார்ந்து போராடியது. 1952இல் அவர்களை மும்பைக்கே விமானம் ஏற்றிவிட்டார்கள். அவர்களில் பலர் பின்னால் மறுபடியும் இஸ்ரேலுக்கே போனார்கள் என்பது தனிக் கதை. 1962இல் இன்னொரு பிரச்சினை. தலைமை ரப்பி, அதாவது தலைமை யூத மதகுருவின் அலுவலகம், பெனே இஸ்ரேல் ஆள் ஒருவர் மற்ற யூதரை மணக்க வேண்டுமானால் அவருடைய வம்சத்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் பின்னோக்கி விசாரிக்கச் சொன்னது. ஊர்வலம், மறியல் என்று இரண்டு ஆண்டு நடந்தது. 1964 ஆகஸ்டில் நாடாளுமன்றமே கூடி, இவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இரண்டாயிரம் ஆண்டு சனிக்கிழமை செக்கை நிறுத்தியவர்களுக்கு இந்தச் சான்றிதழ்!

கொச்சி யூதர்களுக்கு வேறு மாதிரி. பேர் ஷேவாவுக்குப் பக்கத்திலேயே நெவாதிம் என்ற கிராமம் இருக்கிறது. கேரளத்திலிருந்து வந்தவர்கள் 1950களில் குடியேறிய ஊர். மழை பெய்து நனைந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பொட்டல் வெளியைக் கொடுத்தார்கள். அங்கே பசுமைக்குடில் போட்டுப் பூ வளர்த்து ஏற்றுமதி செய்தார்கள். அவர்கள் வருவதே தாமதமானது. காரணம், யானைக்கால் நோய். கொச்சிப் பக்கம் அந்த நோய் இருந்ததால் இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் பயந்துவிட்டார்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்றால் மறுக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது.

நண்பரும் நானும் ஒரு விடுமுறையில் நெவாதிம் போனோம். தொழுகைக் கூடமும் சின்ன அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஒரு பாட்டி எங்களைப் பார்த்ததும் நேராக மலையாளத்தில் பேச ஆரம்பித்தார். நண்பருக்கு ஒரு சொல் புரியவில்லை, எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அந்த இடத்தில் நான்தான் உறவுக்காரன் மாதிரி ஆகிவிட்டேன். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் யூதத் தலைவர் யோசேப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது என்று பாட்டிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எபிரேயத்தை ரசித்துப் பேசிய நண்பர் அன்று வாயைத் திறக்காமல் பழப்பச்சடி சாப்பிட்டார்.

பேர் ஷேவாவில் இன்னொரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. நகரின் பழைய பகுதியில் துருக்கியர் காலத்து மசூதி இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். 1948 அக்டோபர் வரை அது அரபு மக்களின் ஊர். போரில் ஊர் பிடிபட்டபோது அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், காஸாவுக்கும் போனார்கள். சுற்றிலும் பெதூயின் அரபுக் குடியிருப்புகள். அவற்றில் பலவற்றுக்கு அரசு அங்கீகாரமோ மின்கம்பியோ கிடையாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெதூயின் மாணவர் இருந்தார், தாத்தாவின் நிலம் எது என்று கை காட்டிச் சொல்லக் கூடியவர். தானேயில் பிறந்தவருக்கு வந்த அன்றே கிடைக்கும் உரிமை, 1948இல் வெளியேறிய குடும்பத்தின் பேரனுக்கு இல்லை. இது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. நண்பரிடம் இதைப் பேசியிருக்கிறேன். அவர் மழுப்பவில்லை. ‘எனக்குக் கொடுத்ததை அவனிடமிருந்து எடுத்தார்களா என்று எனக்கும் தோன்றும். ஆனால் முப்பது தலைமுறையாக வந்து என் பாட்டியும் சொன்ன பிரார்த்தனையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்’ என்றார். அதற்கு மேல் நாங்கள் இருவரும் போகவில்லை.

2023 அக்டோபர் 7க்குப் பிறகு அந்தப் பேச்சு இன்னும் கடினமாகிவிட்டது. அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேரைப் பிணையாகக் கொண்டுபோனார்கள். அதற்குப் பின் காஸாவில் நடந்த போரில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள், குழந்தைகள் எத்தனையோ. நான் அப்போது ஊர் திரும்பிவிட்டேன். நண்பரோடு தொலைபேசியில்தான் பேச்சு. பேர் ஷேவாவில் சங்கு ஊதினால் காஸா ராக்கெட்டுக்கு ஒரு நிமிடம் அவகாசம். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு கட்டிய வீடுகளில் கான்கிரீட் அறை ஒன்று கட்டாயம். நண்பர் அந்த அறையைச் சரக்கு அறையாக வைத்திருந்தார். பாசுமதி மூட்டை, குக்கர், அம்மா அனுப்பிய கோடா மசாலா டப்பாக்கள். சங்கு ஊதும்போது அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு எனக்குச் செய்தி அனுப்புவார். 2025 ஜூனில் ஈரான் ஏவுகணை அந்த ஊரின் சொரோகா மருத்துவமனையைத் தாக்கியபோது அவருடைய தொழிற்சாலை நண்பர் ஒருவரின் மனைவி அங்கே வேலையில் இருந்தார். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வந்துவிடேன் என்று அவருடைய அம்மா சொல்லாத நாள் இல்லை. அவர் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை. தானேயில் யூதராக இருப்பதற்குத் தினமும் ஏதாவது முயற்சி எடுக்க வேண்டியிருந்தது, இங்கே சும்மா இருந்தாலே போதும் என்றார். பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைத் தேர்வு வந்தால் கடிதம் கொடுக்க வேண்டும், கறிக்கடையில் யூத முறைப்படி அறுத்ததா என்று கேட்க வேண்டும், விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தில் ‘மற்றவை’ என்று போட வேண்டும். பேர் ஷேவாவில் ஓய்வுநாளை முன்னிட்டு வெள்ளிக்கிழமை மதியம் பஸ்ஸே நின்றுவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், தானேயில் ஒரு சனிக்கிழமை விடாமல் தொழுகைக்குப் போனவர், இங்கே வந்த பிறகு பாதி சனிக்கிழமை தூங்குகிறார்.

விடாமல் செய்வது ஒன்று உண்டு. மலிதா. எலியா தீர்க்கதரிசியின் பெயரால் பெனே இஸ்ரேல் மக்கள் வேண்டுதலாகச் செய்வது. அவலை நனைத்து, தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், முந்திரி, திராட்சை போட்டுப் பிசறி, தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எபிரேயத்தில் பாடுவார்கள். வேறு எந்த நாட்டு யூதரும் இதைச் செய்வதில்லை. அலிபாக் பக்கத்தில் எலியாவின் தேர் தடம் பதிந்ததாகச் சொல்லும் பாறை ஒன்று இருக்கிறது. இஸ்ரேலில் அதற்குப் பதிலாக ஹைஃபாவிலுள்ள எலியா குகைக்குப் போகிறார்கள். புது வேலை கிடைத்ததற்கு நண்பர் தன் அறையில் மலிதா செய்தார். முதல் முறை அவல் குழைந்து கஞ்சியானது, கெட்டி அவல் என்று நினைத்து மெல்லிசு அவலை ஊறப் போட்டுவிட்டார். வந்திருந்த ரஷ்யர்கள் அதைக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டார்கள்.

இப்போது அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீட்டார் மொராக்கோவிலிருந்து வந்த யூதர்கள். அந்த நாட்டில் யூதர்களுக்குப் பதிவுத் திருமணம் என்பதே இல்லை, ரப்பி மூலமாகத்தான். பெற்றோரின் மண ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். அம்மா தானேயிலிருந்து படம் எடுத்து அனுப்பினார், அசல் வேண்டும் என்றார்கள். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பதால் நண்பர் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வாங்கியிருக்கிறார். அந்த அட்டையில் ஊருக்குப் போய், ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்தார். கூடவே ஐந்து கிலோ அவலும், கெட்டி அவல்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் மருதாணி இரவு. பெனே இஸ்ரேல் வீட்டில் மெஹந்தி உண்டு, மொராக்கோ யூதர் வீட்டிலும் ஹென்னா உண்டு. எந்த வீட்டு முறைப்படி என்பதில் சம்பந்திகளுக்குள் ஒரு மாதமாகப் பேச்சு. கடைசியாக இரண்டு இரவு வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விசா வந்துவிட்டது.

வணக்கம்.