உட்கார்ந்திருந்தவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாரே, அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை. 'தி டெல்டா ஃபோர்ஸ்' படத்தைத் தாங்கி நிற்பது அதிரடி வீரர்களா, பிடிபட்ட பயணிகளா? இதுதான் தலைப்பு. பயணிகளே என்பது எங்கள் அணி. அண்ணன் கேட்டார்: "பயணிகள் என்னத்தைக் கிழித்தார்கள்? சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகன் சக் நாரிஸ் பைக்கில் வந்து ராக்கெட் விட்டார். மாலையை யாருக்குப் போடுவீர்கள்? உட்கார்ந்திருந்தவனுக்கா?" நீங்களும் கைதட்டினீர்கள்.

சரி. உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியே பேசுவோம்.

படம் பார்க்காதவர்களுக்கு இரண்டே வரி. 1986-இல் வந்தது, மெனஹெம் கோலன் இயக்கியது, லீ மார்வினுக்கு அதுதான் கடைசிப் படம். ஏதென்ஸில் கிளம்பும் விமானத்தைக் கடத்தி லெபனானின் பெய்ரூட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், டெல்டா என்கிற அமெரிக்க அதிரடிப் படை போய் மீட்கிறது. லெபனான் மக்களை அந்தப் படம் ஒரே கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தது பெரிய குறை. அது எனக்கு அன்றைக்கும் உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்தப் படம் எங்கே தொடங்குகிறது அண்ணே? 1980 ஏப்ரல், ஈரான் பாலைவனம். தெஹ்ரானில் பிடிபட்டிருந்த அமெரிக்கர்களை மீட்கப் போன படை, ஹெலிகாப்டரும் விமானமும் மோதி எட்டுப் பேரைப் பறிகொடுத்துத் திரும்பியது. நடந்த கதை. அப்புறம் அந்த 52 பேரும் எப்படி வெளியே வந்தார்கள்? 444 நாள் உட்கார்ந்திருந்து, பேச்சுவார்த்தையில் வெளியே வந்தார்கள்.

கடத்தல் கதையும் நடந்ததுதான். 1985 ஜூன் 14, ஏதென்ஸிலிருந்து ரோமுக்குக் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 847 என்ற அமெரிக்கப் பயணிகள் விமானம். எட்டே மாதத்தில் அதைப் படமாக்கித் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் நிஜத்தில் எந்தக் கமாண்டோவும் கதவை உடைத்து உள்ளே போகவில்லை. கடைசிப் பயணி விடுதலையானது ஜூன் 30, அதுவும் பேச்சுவார்த்தையில். அண்ணன் மாலை போடச் சொன்ன பைக் இருக்கிறதே, அது எழுதியவர்களின் கற்பனை. உள்ளே இருந்தவர்கள் பட்ட பாடு நடந்தது.

அந்த விமானத்தில் ஊலி டெரிக்சன் என்று ஒரு பணிப்பெண். ஜெர்மனியில் வளர்ந்தவர். கடத்தியவர்களில் ஒருவனுக்கு ஜெர்மன் தெரியும். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் எத்தனையோ பேர் உயிரை அவர் இழுத்துப் பிடித்தார். விமானம் பெய்ரூட் போய் அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் வருகிறது. எரிபொருள் வேண்டும். நிரப்பாவிட்டால் பயணிகளைக் கொல்வோம் என்கிறார்கள். கீழே நிற்கிற தரைப் பணியாளர்களோ காசு வேண்டும் என்கிறார்கள். ஊலி தன் கைப்பையைத் திறந்து, ஷெல் கம்பெனியின் கிரெடிட் கார்டை எடுத்து நீட்டினார். சுமார் 6,000 கேலன். 5,500 டாலர். விமானத்துக்கு எரிபொருள் ஏறியது.

இதை இவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. மறுபடியும் சொல்கிறேன், மெதுவாக. பின்னால் உங்கள் தலைக்கு நேராகத் துப்பாக்கி. முன்னால் அழுகிற குழந்தை. வெளியே ஒருவர் காசு கேட்கிறார். அந்த நேரத்தில் கைப்பைக்குள் ஒரு கார்டு இருக்கிறது என்பது யாருக்கு ஞாபகம் வரும்? நமக்குப் பேருந்தில் நடத்துனர் வந்து நின்றால் சில்லறை எந்தப் பையில் இருக்கிறது என்று ஞாபகம் வருவதில்லை! ஆபீஸ் வேலைக்குச் சொந்தக் காசில் நூறு ரூபாய் செலவழித்துவிட்டால், ரசீதைத் தேடி மூன்று நாள் அலைகிறோம். அந்த அம்மா 5,500 டாலரைத் தன் கார்டில் ஏற்றினார். எதற்கு? ஓர் உயிர் போகாமல் இருக்க. எத்தனை ராக்கெட் வைத்த பைக்காக இருந்தாலும் பெட்ரோல் போட்டால்தான் ஓடும் அண்ணே. அன்றைக்குப் பெட்ரோல் போட்டவர் உள்ளே இருந்தவர்.

படத்தில் ஹன்னா ஷிகுல்லா நடித்த பாத்திரத்துக்கு அந்த ஊலிதான் மூலம். யூதப் பயணிகளைப் பிரித்துக் காட்டச் சொல்லி அவளை மிரட்டுகிறார்கள். "நான் ஜெர்மானியப் பெண், இந்தக் காரியத்தை என்னைச் செய்யச் சொல்லாதே" என்று மன்றாடுகிறாள். தன் இனம் ஒரு காலத்தில் யூதர்களுக்குச் செய்த பாவம் தன் கையில் மறுபடி ஒட்டக்கூடாது என்கிற தவிப்பு அது. அப்புறம் ஒரு பாதிரியார், ஜார்ஜ் கென்னடி நடித்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே எழுந்து போகிறார். இயேசுவும் யூதர்தான், அவரைப் போல நானும் யூதன், ஒருவரைக் கொண்டுபோனால் எங்கள் எல்லோரையும் கொண்டுபோ என்கிறார். சீட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்த அந்த ஒரு எழுச்சி போதாதா அண்ணே உங்களுக்கு?

நிஜ விமானத்தில் ராபர்ட் ஸ்டெத்தம் என்று ஒரு பையன் இருந்தான். 23 வயது. அமெரிக்கக் கடற்படையில் முக்குளிப்பவன். அவனை அடித்தார்கள், பிறகு சுட்டார்கள், பெய்ரூட்டில் ஓடுபாதையில் உடலைத் தள்ளினார்கள். அவனும் உட்கார்ந்திருந்தவன்தான்.

நடுவர் மணி அடிக்கிறார். ஐயா, ஒரே ஒரு நிமிடம். என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

என் அப்பா குவைத்தில் வேலை பார்த்தார். ஒரு விடுமுறைக்கு வீடியோ டெக்கும் நாலைந்து கேசட்டும் கொண்டுவந்தார். அதில் ஒன்று இந்தப் படம். தெருவே எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தது. பைக்கிலிருந்து ராக்கெட் பறந்ததும் ஒரே விசில். நானும் கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. எல்லோரும் விசிலடிக்கும்போது அம்மா மட்டும் என் தோளைத் தட்டித் தட்டிக் கேட்டது: "உள்ள இருந்தவங்க எல்லாரும் இறங்கிட்டாங்களா? அந்தப் பொண்ணு இறங்கிடுச்சா?" ஒவ்வொரு தடவை அந்தப் படம் ஓடும்போதும் அதே கேள்வி.

1990 ஆகஸ்ட் 2. ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அப்பா அங்கே. கடிதம் இல்லை, போன் இல்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்தது. இரவானால் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு பி.பி.சி. தமிழோசை கேட்கும். பகலில் தபால்காரர் வரும் வழியைப் பார்க்கும். சமையல், என் பள்ளிக்கூடம், தம்பியின் காய்ச்சல் எல்லாம் நடந்தது. ஆனால் எங்கள் நினைவில் அம்மா அந்த இரண்டு மாதமும் திண்ணையில்தான் இருக்கிறது. ஒரு நாளும் எங்கள் முன்னால் அழவில்லை.

எந்தக் கமாண்டோவும் அப்பாவைக் கூட்டிவரப் போகவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஈராக் வழியாக ஜோர்டானுக்குப் போய், அம்மானிலிருந்து விமானம் ஏறி பம்பாய் வந்தார்கள். அவர்களில் ஒருவராக அப்பாவும் வந்தார். பாலைவனத்தில் பஸ், எல்லையில் கூடாரம், வரிசை, காத்திருப்பு. ஒரு பை மட்டும் மிச்சம். விடியற்காலையில் ரயிலை விட்டு இறங்கி நடந்தே வந்து, திண்ணைக்கு முன்னால் நின்றார். தாடி. பாதி உடம்பு.

அம்மா எழுந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்தது. ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தது. அவர் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டது:

"கூட வந்தவங்க எல்லாரும் இறங்கிட்டாங்களா?"

நடுவர் அவர்களே, நன்றி. நான் போய் உட்காருகிறேன்.