டிரெய்லர் கட்டப் போகிறீர்களா? பலகைக்கு முன் மெத்தையை வாங்குங்கள்!

[திரையில்: தரையில் விரிந்த வரைபடம், அதன்மேல் அளவுநாடா]

வணக்கம் நேயர்களே. காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே படுத்துறங்கும், பின்புறத்தில் சமையல் மேடையுள்ள துளி வடிவ முகாம் டிரெய்லர் ஒன்றுக்கு 5 அடி அகலம் என்று வரைபடத்தில் குறித்து, அதே 5 அடிக்குள் சுவர்களையும் அடக்கிக் கட்டி முடித்துவிட்டு, இருவர் படுக்கும் குவீன் மெத்தையை உள்ளே தள்ளிப் பாருங்கள், நுழையாது. அது ஏன் நுழையாது என்பதைப் புரிந்துகொண்டால், அளவைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

வரலாற்றை ஒரே மூச்சில் கடந்துவிடுவோம். இது 1930களில் அமெரிக்காவில் உருவெடுத்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிய அலுமினியத் தகடுகள் கைக்கு எட்டியபோது பரவிய வண்டி. அவ்வளவுதான்.

அன்று முதல் இன்று வரை 4 அடி அகலம், 8 அடி நீளம் என்பதே இதன் பிரபலமான அளவாக இருப்பதற்குப் பிளைவுட் பலகையே காரணம். கோலாலம்பூரில் எந்தப் பலகைக் கடைக்குப் போனாலும் 1220க்கு 2440 மில்லிமீட்டர் பலகைதான் கிடைக்கும். ஒரு பலகையைத் தரையாகவும், இன்னும் இரண்டைப் பக்கச் சுவர்களாகவும் அறுத்தால் வண்டியின் உடல் தயார். உயரமும் தானாகவே 4 அடிக்குள் அடங்கிவிடும். ஏறத்தாழ 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் நிமிர்ந்து உட்காரும்போது அவருடைய தலை 90 சென்டிமீட்டரை எட்டும். அதனுடன் 10 சென்டிமீட்டர் மெத்தையைக் கூட்டினாலும் கூரை இடிக்காது. நின்றுகொண்டே சட்டை மாற்ற வேண்டும் என்பவர்கள் கேரவன் வாங்கிக்கொள்ளட்டும்.

இனி அகலத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால், மற்ற எல்லா முடிவுகளும் இதற்குப் பின்னால்தான் வரவேண்டும்.

நான்கடி அகலத்தில் இருவர் படுத்தால் ஆளுக்கு 61 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். ஒற்றையாள் மெத்தையே நம் நாட்டில் 91 சென்டிமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவிலும் 24 பாகைக்குக் கீழே அவ்வளவாக இறங்காத நம் ஊர்ப் புழுக்கத்தில், நாசி லெமாக் பொட்டலத்துக்குள் சிக்கிய நெத்திலிகளைப் போல இருவர் ஒட்டிக் கிடந்தால், கூரையில் மின்விசிறி இருந்தும் பயன் இருக்காது. எனவே இருவருக்கு 5 அடி என்பது ஆடம்பரம் ஆகாது.

[திரையில்: தரை, சுவர், மெத்தை ஆகியவற்றின் குறுக்குவெட்டு]

குவீன் மெத்தையின் அகலம் 1520 மில்லிமீட்டர். 5 அடி என்பது 1524. ஆனால் 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு சுவர்களும் தரைப்பலகையின் மேல் ஏறி நின்றால் உள்ளே எஞ்சுவது 1488 மட்டுமே. ஸ்பிரிங் மெத்தை இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளாது. சுவர்களைத் தரையின் பக்கவாட்டில், வெளியே வைத்துத் திருகினால் உள் அகலம் முழுதாகக் கிடைக்கும்; வெளி அகலம் 1560 ஆகும்.

சக்கரங்களையும் மட்கார்டுகளையும் வெளிப்புறத்தில் வைத்தால், பக்கத்துக்கு 22 சென்டிமீட்டர் எனக் கொண்டு, மொத்த அகலம் 2 மீட்டரைத் தொடும். பெரொடுவா மைவி காரின் அகலம் 1735 மில்லிமீட்டர். நான்கடி டிரெய்லர் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஐந்தடி டிரெய்லரோ இருபுறமும் 13 சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையின் வளைவுகளில், டிரெய்லரின் சக்கரம் காரின் சக்கரத்தைவிட உட்புறமாக அறுத்துக்கொண்டு போகும் என்பதால், அந்த 13 சென்டிமீட்டரை ஓட்டுநர் ஒரு கணமும் மறக்கக்கூடாது. மைவியை நான் அளவுகோலாகத்தான் சொல்கிறேன்; உங்கள் கார் எதையாவது இழுக்கலாமா, எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கையில் இரண்டு பலகைத் துண்டுகள்]

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதோ, ஒரே 3 மில்லிமீட்டர் பலகையிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள். முதல் துண்டில் மேலடுக்கின் மர ரேகைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. வளைத்தால் முறைத்துக்கொண்டு நிற்கிறது, இன்னும் அழுத்தினால் நொறுங்கும் சத்தம் கேட்கிறது. இரண்டாவதில் ரேகைகள் குறுக்காக ஓடுகின்றன. விரலால் அழுத்தினாலே வில்லாகிறது. நான்கடி டிரெய்லரின் கூரைக்குப் பலகையை நீளவாக்கில் போடும் பழக்கம் இருப்பதால், வளைய மறுக்கும் திசையிலேயே அதனுடன் மல்லுக்கட்ட நேர்கிறது. பலகையின் அகலமே நான்கடிதான் என்பதால், ஐந்தடிக்கு அதைக் குறுக்காகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கட்டாயமே வளைக்கும் வேலையை எளிதாக்கிவிடுகிறது! வெட்டியதுபோக ஒவ்வொரு பலகையிலும் 88 சென்டிமீட்டர் துண்டு மிஞ்சும். அதைத் தூக்கி எறியாதீர்கள். சமையற்பகுதியின் அலமாரிக் கதவுகள் அதிலிருந்தே கிடைத்துவிடும். இதற்கு ஈடாக, பலகைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் கீழே ஒரு குறுக்குச்சட்டம் வைத்து, மேலே மழைநீர் புகாதபடி அடைக்க வேண்டியிருக்கும். நம் ஊர் மாலை மழை அந்த இணைப்புகளைத் தவறாமல் சோதித்துப் பார்க்கும்.

நீளத்துக்கு 8 அடியே போதும். மெத்தை 190 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ள, பின்புறச் சமையல் மேடையைக் காலடிக்கு மேலே நீட்டிவிட்டால், படுப்பவரின் பாதங்கள் மேடைக்கு அடியில் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தடுப்புப்பலகை எதைத் தடுத்தாலும் டுரியான் வாசனையைத் தடுக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தடியாக்க ஆசைப்படுபவர்கள் எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் இழுவைக் கொக்கியின்மீது இறங்க வேண்டும். வால்பகுதி நீண்டு, அங்கே தண்ணீர்த் தொட்டியும் ஐஸ் பெட்டியும் எரிவாயுவும் சேர்ந்தால், சக்கர அச்சுக்குப் பின்னால் பாரம் கூடிக் கொக்கியின்மீதுள்ள அழுத்தம் குறைந்துவிடும். அப்படிப்பட்ட டிரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் பாம்பாக நெளியும்.

ஆகவே தனியாகச் செல்பவருக்கு 4க்கு 8, இருவருக்கு 5க்கு 8 என்பதே என் கருத்து. குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் ஒரு கூடாரம் போட்டுவிடுங்கள். சாலையில் ஓட்டுவதற்கான பதிவு, விளக்கு, அளவு பற்றிய விதிகளை ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே பலகைக்குப் பணம் கட்டுங்கள்.

உங்கள் தாமான் வீட்டுக் கேட்டின் அகலத்தையும், காரை நிறுத்தியபின் வாசலில் மிஞ்சும் நீளத்தையும் அளந்து, கார் வகையுடன் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். எந்த அளவு பொருந்தும் என்று நான் பதில் எழுதுகிறேன். சேனலுக்குச் சந்தா செலுத்த மறந்துவிடாதீர்கள். அடுத்த வீடியோவில் அடிச்சட்டத்துக்கு இரும்பு வாங்கப் போகிறோம்.