கதவைத் தட்டுகிறவர் அழையா விருந்தாளியா?

நடுவர் அவர்களே, வணக்கம்.

எதிரணி நண்பர் பேசி முடித்ததும் நானும் கைதட்டினேன். அது அவர் பேச்சழகுக்கு, கருத்துக்கு அல்ல! மேல்முறையீடுகளில் தொழில்முறைச் சங்கங்கள் இடையீட்டு மனு போடலாமா, அதாவது தாங்கள் தரப்பாக இல்லாத வழக்கில் தங்கள் கருத்தையும் கேட்கும்படி மனு போடலாமா என்பதே இன்றைய விவாதம்; போடலாம் என்பது எங்கள் அணி. அப்படி வரும் சங்கங்களை அவர் ‘அழையா விருந்தாளி’ என்றார். ஐயா, அழையா விருந்தாளி நேரே பந்தியில் போய் உட்காருவார். இவர்களோ வாசலில் நின்று அனுமதி கேட்கிறார்கள். ‘உங்களால் பயனில்லை’ என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பலாம். உள்ளே விட்டாலும் பல நேரம் எழுத்துபூர்வ வாதத்தோடு சரி.

பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். 2011-ல் லெஸ்டர் மருத்துவமனையில் ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்மீது 2015-ல் குற்றம் உறுதியானது. அவர் தவறு செய்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று ஆள் பற்றாக்குறை. கணினியும் பழுதாகி, பரிசோதனை முடிவுகள் தாமதமாகவே கைக்கு வந்தன. மருத்துவர்கள்மீதான ஒழுங்குப் புகார்களை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயம் இதையெல்லாம் பார்த்து அவரை 12 மாதம் இடைநீக்கம் செய்தது. போதாது என்று, மருத்துவர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் பொது மருத்துவ கவுன்சில் உயர்நீதிமன்றம் போய், 2018 ஜனவரியில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்க வைத்தது.

அவர் மேல்முறையீடு செய்தார். ஜூரி குற்றவாளி என்று சொன்ன பிறகும் மருத்துவமனையின் குறைகளைத் தீர்ப்பாயம் கணக்கில் எடுக்கலாமா என்பது கேள்வி. நடுவர் அவர்களே, இது அந்த ஒருவரின் கேள்வி மட்டுமா? அன்று வேறு வார்டுகளில் தனியாக நின்ற ஒவ்வொரு இளம் மருத்துவரின் கேள்வி! அதனால்தான் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கமும் இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கமும் இடையீட்டாளர்களாக வந்தன. ஆகஸ்டில் இடைநீக்கத் தீர்ப்பே மீண்டும் நிலைத்தது. சங்கங்கள் வந்ததால்தான் வென்றார் என்று நான் அளக்க மாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்போடு காலம் தள்ள வேண்டியவர்களின் குரல் அங்கே ஒலித்தது.

“தன் ஆட்களைக் காப்பாற்றத்தானே வருவார்கள்?” என்றார் நண்பர். சங்கத்துக்குப் பாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2015-ல் மான்ட்கோமெரி வழக்கைப் பாருங்கள். நீரிழிவு உள்ள கர்ப்பிணிக்குப் பிரசவ ஆபத்தை மருத்துவர் சொல்லவில்லை. இங்கே இடையீட்டாளராக வந்தது யார் தெரியுமா? அதே பொது மருத்துவ கவுன்சில்! ‘அது சங்கமல்ல, ஒழுங்குமுறை அமைப்பு’ என்பீர்கள், சரி. ஆனால் நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்ற தொழில்நெறி வெளியாளாக வந்த அதனிடம்தான் இருந்தது. அந்த வழிகாட்டுதலை உச்சநீதிமன்றம் எடுத்துப் பேசியது. வென்றவர் தாய்.

செலவு பற்றி ஒரே வரி: இங்கிலாந்தில் நீதிப் புனராய்வு வழக்குகளில், அதாவது அரசு அமைப்புகளின் முடிவு சட்டப்படி சரியா என்று பார்க்கும் வழக்குகளில், இடையீட்டாளர் தானே வழக்குத் தொடுத்தவர்போல் வழக்கை நடத்தினால் மற்றவர் செலவையும் அவர் தலையில் வைக்க 2015-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் நண்பருக்கு ஒன்றே ஒன்று: வழக்கில் இருப்பவர் இருவர், தீர்ப்பு கட்டுப்படுத்துவது ஆயிரக்கணக்கானோரை. அந்த ஆயிரம் பேர் தங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று நீதிபதியிடம் சொல்ல, இடையீட்டு மனுவைத் தவிர வேறு வழி என்ன வைத்திருக்கிறீர்கள்?