ஓடுவதற்குக் கையுறை வாங்கும்போது தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. மேசையில் நான்கு ஜோடி கையுறை பரப்பி வைத்திருக்கிறேன் பாருங்கள், இன்றைக்கு இவற்றைப் பற்றித்தான் பேச்சு. குளிர்காலத்தில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது, இதோ, இந்தப் பஞ்சு வைத்த தடிமன் ஜோடியைத்தான். கையை விட்டதும் மெத்தென்று இருக்கும், உடனே வாங்கிவிடத் தோன்றும். பஸ்ஸுக்குக் காத்து நிற்க இது அருமை. ஓடுவதற்குச் சரிப்படாது.

காரணம் சொல்கிறேன். குளிரில் கிளம்பும்போது உடம்பு தன் சூட்டை இதயம், நுரையீரல் பக்கம் பத்திரப்படுத்திக்கொள்ளும். விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். அதனால்தான் ஆரம்பத்தில் விரல் மரத்துப்போகிறது. கொஞ்ச தூரம் ஓடி உடம்பு சூடேறியதும் அதே குழாய்கள் விரிந்து, கை வியர்க்க ஆரம்பிக்கும். இந்தத் தடிமன் கையுறைக்குள் வியர்வை வெளியேற வழி கிடையாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஷூ லேஸ் கட்டவோ, சாலையைக் கடக்கவோ ஒரு நிமிடம் நின்றால் போதும், கை ஐஸாகிவிடும். அதாவது, கையைக் குளிர வைப்பதில் பாதி வேலையை நம் வியர்வையே செய்துவிடுகிறது.

அதனால் பருத்திக் கையுறையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஈரத்தைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் கலந்த மெல்லிய துணி ஈரத்தை வெளிப்பக்கம் கடத்தி, சீக்கிரம் காய்ந்துவிடும். மெரினோ கம்பளி வேறு ரகம்: ஈரமானாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும், நாற்றமும் குறைவு. ஆனால் தனியாகப் போட்டால் சீக்கிரம் ஓட்டை விழும், காற்றும் உள்ளே வரும்.

காற்றுக்குத்தான் வருகிறேன். காற்றே இல்லாத நாளில்கூட நீங்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அதே வேகத்தில் ஒரு எதிர்காற்று விரல் முட்டிகளில் அடித்துக்கொண்டே இருக்கும். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கையுறையைப் போட்டுக்கொண்டு, புறங்கைப் பக்கம் வாயை வைத்து இப்படிப் பலமாக ஊதுங்கள். இந்தச் சாம்பல் நிற ஜோடியில் மூச்சு உள்ளே தோலில் படுவது எனக்கு நன்றாகவே தெரிகிறது. இந்தக் கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை, இத்தனைக்கும் இதுதான் மெல்லியது. புறங்கையில் காற்றுத் தடுப்பு, உள்ளங்கையில் சாதாரணத் துணி, இந்த அமைப்புதான் எனக்குப் பிடித்தது. வியர்வை உள்ளங்கை வழியாகப் போய்விடும். முழுக்க வாட்டர்ப்ரூஃப் என்று விற்பது கொட்டுகிற மழைக்கு மட்டும்தான். மற்ற நாளில் கை உள்ளேயே புழுங்கும்.

சரி, எந்தக் குளிருக்கு எது? என் கணக்கு இது. 5 முதல் 10 டிகிரி வரை மெல்லிய ஜோடி போதும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் காற்றுத் தடுப்பு வேண்டும். மைனஸ் 5க்குக் கீழே போனால் மிட்டன்தான், அதாவது கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை வைத்த கையுறை. நான்கு விரலும் ஒரே அறையில் இருப்பதால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குக் கிடைக்கும், குளிர் படும் பரப்பும் குறைவு. விரல் விரலாகப் பிரிந்த கையுறையின் மேல் இழுத்து மூடிக்கொள்ளும் மெல்லிய மிட்டன் மூடி வைத்தவையும் வருகின்றன. கை சூடானதும் மூடியை மடித்து மணிக்கட்டுப் பையில் செருகிவிடலாம். ஒரே ஜோடிதான் வாங்குவேன் என்றால் இதை வாங்குங்கள்.

அளவு ரொம்ப முக்கியம். போட்டுக்கொண்டு முஷ்டியை மடக்குங்கள். முட்டியில் துணி இறுகினால் சின்னது. இறுக்கம் ரத்த ஓட்டத்தையும் தடுக்கும், உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கும் காற்றையும் நசுக்கிவிடும். மணிக்கட்டுப் பகுதி சட்டைக் கைக்கு உள்ளே போகிற அளவு நீளமாக இருக்கட்டும். அப்புறம், கட்டைவிரலில் டவல் துணி மாதிரி ஒரு பட்டை தெரிகிறதா? மூக்கு துடைக்கத்தான். சிரிக்காதீர்கள், குளிரில் ஓடினால் புரியும். ஃபோன் தொடும் விரல்நுனி எல்லாம் போனஸ்தான், வியர்த்தால் பாதி நேரம் வேலை செய்யாது.

ஒரு விஷயம் மட்டும் விளையாட்டில்லை. குளிர் பட்டதும் சிலருக்கு விரல் சட்டென்று வெள்ளையாகி, பிறகு நீலமாகி, சூடு வந்ததும் சிவந்து குத்தும். ரேனாட்ஸ் என்று, விரல் ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும் ஒரு கோளாறு இருக்கிறது, அதுவாக இருக்கலாம். அப்படி வருகிறவர்கள் இன்னொரு ஜோடி வாங்குவதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்.