பாதி விளைச்சல், பழைய ரொட்டி

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

இத்தாலியின் டஸ்கனி பகுதிக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டிய மேடு, உச்சியில் ஒரு கல்வீடு, முற்றத்து மேசையில் சிவப்பு ஒயின். அழகுதான், மறுக்கவில்லை. அந்தக் கல்வீட்டில் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

அங்கே இருந்தது வாரக்குடியானவரின் குடும்பம். இத்தாலியில் அந்த முறைக்கு மெட்ஸாட்ரியா என்று பெயர். நிலமும் வீடும் பண்ணையாருடையவை, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. கோதுமை, ஆலிவ் எண்ணெய், திராட்சை எல்லாம் பாதிதான். கணக்குப் புத்தகம் பண்ணையாரின் காரியஸ்தர் கையில். போதாததற்கு, கொழுத்த சேவலும் முட்டையும் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மிஞ்சியதை வைத்துத்தான் வீட்டுப் பெண்கள் சமைத்தார்கள். இன்று ஃபுளோரன்ஸ் உணவகங்களில் பெருமையோடு பரிமாறும் கெட்டிச் சூப்பான ரிபொல்லிட்டா அப்படி வந்ததுதான். விறகை மிச்சம் பிடிக்க வாரத்துக்கு ஒரு முறைதான் ரொட்டி சுடுவார்கள். உப்புப் போடாத ரொட்டி அது. நாலைந்து நாளில் கல்லாகிவிடும். வெள்ளைப் பீன்ஸை வேகவைத்துப் பாதியை மசிப்பார்கள். வெங்காயம், கேரட், செலரி, அவற்றோடு கரும்பச்சையில் சுருக்கம் விழுந்த நீளமான கோஸ் இலை. முதல் உறைபனி விழுந்த பிறகு பறித்தால்தான் அந்த இலை மெதுவாக இருக்கும். எல்லாம் கொதித்ததும் கல் ரொட்டியைத் துண்டு துண்டாக அடுக்கி ஊறவிடுவார்கள். மறுநாள் திரும்பவும் சூடாக்கும்போதுதான் ருசி கூடும். கரண்டியை நட்டால் நிற்க வேண்டும், அதுதான் பதம். இறைச்சி பெரும்பாலும் ஞாயிறோடும் பண்டிகையோடும் சரி. மேலே விடும் ஆலிவ் எண்ணெயும் அளந்துதான். தொலைக்காட்சிச் சமையலில் தாராளமாக ஊற்றுகிறார்களே, அந்தக் கை பண்ணையார் வீட்டுக் கை.

ஒயினுக்கு வருவோம். பேர்பெற்ற சிவப்பு ஒயின் விளையும் கியாந்தி வட்டாரத்தின் எல்லையை 1716இல் ஆணையிட்டு வரையறுத்தவர் டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ. புரோலியோ கோட்டைக்காரரான பெத்தினோ ரிகசோலி, இத்தாலியின் இரண்டாவது பிரதமராக இருந்தவர், 1872இல் ஒரு கடிதத்தில் கலவையை விளக்குகிறார். மணத்துக்கும் வீரியத்துக்கும் சாஞ்சோவேசே திராட்சை, அதன் முரட்டுத்தனத்தை அடக்கக் கனயோலோ, சீக்கிரம் குடித்துவிடும் ஒயினுக்கு மட்டும் மல்வாசியா. தேர்ந்த நாக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் திராட்சை பறித்தவர்களின் அன்றாட மேசைக்கு வந்தது பெரும்பாலும் வேறொன்று. பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி மறுபடி புளிக்கவைத்த, வெளிறிய, புளித்த பானம். நல்ல ஒயின் கடனை அடைக்கப் போய்விடும்.

வடக்கே வெனெட்டோவில் இதைவிடக் கொடுமை. அங்கே பொலென்டா: மக்காச்சோள மாவைச் செப்பு அண்டாவில் போட்டு, கை ஓயும்வரை கிண்டி, மரப்பலகையில் கவிழ்த்து நூலால் அறுக்கும் களி. மேசைக்கு மேலே ஒற்றைக் கருவாட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஆளாளுக்குக் களித்துண்டை அதில் தேய்த்து வாசனைக்குத் தின்றார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். கதை மிகையாகவே இருக்கட்டும், பட்டினி மிகையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைகளுக்கு மூன்று வேளையும் களியே கதியானபோது பெலாக்ரா என்ற சத்துக்குறை நோய் பரவியது. தோல் வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். வெனிஸை அடுத்த சான் சேர்வோலோ தீவின் மனநோய் மருத்துவமனைக்கு அப்படி வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் எளிதில் சேராது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தச் சத்தை விடுவித்தார்கள். ஐரோப்பாவுக்குக் கப்பலில் மக்காச்சோளம் வந்தது, சுண்ணாம்பு வரவில்லை. நியாசின்தான் மருந்து என்று தெளிவாக 1937 ஆயிற்று. மக்காச்சோளம் அல்ல, நம்மூர்ச் சோளம் உண்ட தக்காணத்து ஏழைகளிடம் இதே நோயைப் பின்னாளில் ஆராய்ந்தவர், சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன்.

மெட்ஸாட்ரியா ஒப்பந்தங்களைப் புதிதாகப் போடக் கூடாது என்று 1964இல் சட்டம் வந்தது. அதற்குள்ளேயே குடும்பங்கள் பலவும் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தன. ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் பலவற்றை நகரத்தாரும் வெளிநாட்டாரும் வாங்கினார்கள். பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கான தேசியச் சட்டம் 1985இல் பிறந்தது. அந்த வருமானத்தால்தான் பல சிறு விவசாயிகள் இன்னும் நிலத்தை விடாமல் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ‘ஏழையின் சமையல்’ என்று விலைப்பட்டியலில் போட்டு ஏழைக்கு எட்டாத விலை வாங்கும் இடத்தைத்தான் தவிர்க்கச் சொல்வேன்.

போவதானால் நவம்பர் கடைசியில் போங்கள். செக்கிலிருந்து புது எண்ணெய் அப்போதுதான் வந்திருக்கும், தொண்டையில் காரம் ஏறும். கோடையில் ரிபொல்லிட்டா கேட்டால் கொடுக்கத்தான் செய்வார்கள், ஆனால் அதில் உறைபனி பட்ட இலை இருக்காது.